தென்கரை டென்னிஸ் சபையின் மட்டைத் தேர்வு உபகமிட்டி

தென்கரை டென்னிஸ் சபைக்கு ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், ஒரு பொக்கிஷதார், அறுபத்து நான்கு விதிகள், தரையை மட்டமாக்க ஒரு கல் உருளை, மதராஸிலிருந்து தருவித்த ஒரு வலை எல்லாம் இருந்தன. டென்னிஸ் மட்டும் இல்லை. அதை ஒரு குறையென்று யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை. சாயங்காலம் கலெக்டர் கச்சேரி விட்டதும் அங்கத்தினர்கள் வந்து, வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேரும் அந்தப் பக்கம் ஆறு பேருமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். பென்ஷன் விவகாரமும் சம்பந்தி விவகாரமும் வலைக்கு மேலாக இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய் வரும். இருட்டுமுன் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போட்டுச் சந்தியாவந்தனத்தை முடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஆட்டம் ஜோர்" என்று சொல்லியபடி வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

இந்தச் சபையின் கௌரவ உதவிக் காரியதரிசி ஜம்புநாதன். கௌரவம் என்றபடியால் சம்பளம் கிடையாது. உதவி என்றபடியால் நாற்காலி கிடையாது. கச்சேரியில் மூன்றாந்தர குமாஸ்தா. வயது இருபத்தாறு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தைத் தவிரத் தன்னிடம் வேறு விசேஷம் ஒன்றும் இல்லையென்று அவனுக்கே தெரியும். ஆகவே கிடைத்த இடத்திலெல்லாம் எழுதித் தள்ளினான். அறுபத்து நான்கு விதிகளில் ஐம்பத்தெட்டு அவன் மூளையில் உதித்தவை. அவற்றில் நாற்பத்தோராவது விதியின் மேல் அவனுக்குத் தனிப் பிரியம். 'உபகமிட்டியால் ஆராயப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டு, பதிவு செய்யப்படாத மட்டை எதுவும், அது எவருடையதாயினும், எக்காரணம் பற்றியும், களத்தினுள் வரலாகாது.' எழுதி முடித்த அன்று அதை மனைவி ருக்குவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

"உபகமிட்டி இதுவரைக்கும் எத்தனை மட்டை தேர்ந்தெடுத்திருக்கா?" என்று கேட்டாள் ருக்கு.

"இன்னும் ஒண்ணுகூட இல்லை."

"அப்போ எதை வச்சுண்டு ஆடுவா?"

சட்டத்தின் அழகு ஸ்திரீகளுக்குப் புரியாது என்று ஜம்பு எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணியதற்காகப் பின்னால் அவன் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

டில்லியில் பட்டாபிஷேக தர்பார் நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. ராதாபுரம் டிப்டி தாசில்தார் கச்சேரியில் ஒரு குமாஸ்தா இடம் காலியாயிற்று. மாதக் கடைசியில் மாற்றல் ஜாபிதா கலெக்டரின் கையெழுத்துக்குப் போகும். அதில் உன் பெயர் அடிபடுகிறது என்று நாலு பேர் வந்து ஜம்புவிடம் துக்கம் விசாரித்தார்கள். ராதாபுரம் என்றால் செம்மண்ணும் பனங்காடும். ஆறு கிடையாது. மாட்டு வண்டியில் போனால் முழுசாக இரண்டு நாள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ருக்குவுக்கு ஆறு மாதம். இதற்கு முன் இரண்டு பிரசவம் ஆகி இரண்டு குழந்தையும் தங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றவே கூடாது, என் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ருக்கு அதிகம் பேசுகிறவள் அல்ல. "இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து ஜம்புவுக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே போய்ச் சபைத் தலைவர் பட்டாபிராமய்யர் காலில் விழுந்தான். அவர்தான் கச்சேரியில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான சிரஸ்தார்.

"அடேய் ஜம்பு, இது என் கையில் இல்லை. எல்லாம் புதுக் கலெக்டர் துரை கையில்" என்றார் அவர். "துரைக்கு டென்னிஸ் என்றால் உயிராம். ரயிலில் வந்து இறங்கின சாமானில் மட்டையே நாலு இருந்ததாம். இருபத்தெட்டாம் தேதி நம்ம சபைக்கு விஜயம் பண்ணுகிறார். நீ அவர் எதிரே நின்று நாலு பந்து அடித்துவிட்டாயானால் உன்னைப் பனங்காட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசு வருமா? ஆனால் ஒன்று. மட்டை உபகமிட்டி மூலமாகத்தான் வர வேண்டும். விதி நாற்பத்தொன்று. எழுதினவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டாம்."

ஜம்பு பாளையங்கோட்டைக்கு ஓடினான். அங்கே மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பாக்கியசீலன் அவனுக்குப் பழக்கம். வெள்ளைக்காரப் பாதிரிகளோடு ஆடி ஆடித் தேறினவர். தென்கரைச் சபையில் அவரும் சேர ஆசைப்பட்டதுண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் மாத்திரமே அங்கத்தினராகலாம் என்ற ஒன்பதாவது விதி குறுக்கே நின்றுவிட்டது. அதுவும் ஜம்பு எழுதினதுதான்.

"சார்வாள், சரியான மட்டையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?"

பாக்கியசீலன் அலமாரியைத் திறந்து ஐந்தாறு மட்டைகளை எடுத்துப் பெஞ்சில் போட்டார். "ஒண்ணொண்ணா எடுத்துப் பைய வீசிப் பாரும். எது வீசும்போது கை வலிக்கலையோ, எது உம்ம சொல்லுக் கேக்குதோ, அதுதான் வே உம்ம மட்டை."

"அவ்வளவுதானா?"

"பெறவு என்ன வே? இதுக்குக் கமிட்டியா போடுவாவ?"

ஜம்பு ஒவ்வொன்றாக எடுத்து வீசிப் பார்த்தான். நாலாவதாக எடுத்த மட்டை அவன் கையில் பாந்தமாக உட்கார்ந்தது. பதிமூன்று அவுன்ஸ். அன்று முதல் தினமும் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வேஷ்டியை மூலக்கச்சமாகக் கட்டிக்கொண்டு ஆடினான். முதல் வாரம் பந்து இவனை அடித்தது. இரண்டாவது வாரம் இவனும் திருப்பி அடித்தான். மூன்றாவது வாரம் பாக்கியசீலனே, "நீரு குமாஸ்தாவாப் பொறந்தது வீணாப் போச்சு வே" என்றார். தன் உடம்புக்குள் இப்படி ஒரு ஆசாமி ஒளிந்திருந்தான் என்பது ஜம்புவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

அந்தப் பதிமூன்று அவுன்ஸ் மட்டையைப் பதிவு செய்ய வேண்டுமென்று உபகமிட்டிக்கு மனு எழுதினான். மனுவைப் பெற்றுக்கொண்டதாக அவனே அவனுக்குப் பதிலும் எழுதினான்.

உபகமிட்டியின் முதல் கூட்டம் மட்டையின் கனத்தைப் பற்றியது. பட்டாபிராமய்யர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"கனவான்களே! நாம் அராஜகத்தை விரும்புகிறவர்கள் அல்ல. ஒரு சிரஸ்தார் பதிமூன்று அவுன்ஸ் மட்டையையும், அவருக்குக் கீழே எழுதுகிற குமாஸ்தா பதினான்கு அவுன்ஸ் மட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றால், பார்க்கிற ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சர்க்கார் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்க மாட்டார்களா? முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் எதையும் தூக்கினவன் அல்ல. காகிதக் கட்டைக்கூட இன்னொருவன்தான் தூக்குவான். ஆனால் தூக்க வேண்டிய சந்தர்ப்பம் என்று ஒன்று வந்தால், எல்லோரையும்விடக் கனமானதைத்தான் தூக்குவேன். அது என் கடமை!"

பலத்த கரகோஷம். தலைவருக்குப் பதினைந்து அவுன்ஸ், உபதலைவர்களுக்குப் பதினாலரை என்று இறங்கு வரிசையில் ஒரு அட்டவணை தயாராயிற்று. பென்ஷன் வாங்கினவர்களுக்குப் பழைய உத்தியோகத்தின் கனமா, அதில் அரை அவுன்ஸ் குறைவா என்ற ஒரே கேள்விக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. முடிவில் மூன்றாந்தர குமாஸ்தாவுக்குப் பத்தரை அவுன்ஸ் விழுந்தது. மதராஸ் கம்பெனியின் விலைப்பட்டியலைப் புரட்டினதில், பத்தரை அவுன்ஸில் ஒரே ஒரு மட்டைதான் அகப்பட்டது. எட்டு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கு உகந்தது என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தது. ஜம்பு அதையும் முத்து முத்தாக நடவடிக்கைப் புஸ்தகத்தில் பிரதி எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது ஒரு 'கு' சரியாக வரவில்லையென்று அடித்துத் திருத்தினான்.

இரண்டாவது கூட்டம் மட்டையின் நரம்பைப் பற்றியது. நிபுணரின் சாட்சியம் வேண்டுமென்று பாக்கியசீலனை வரவழைத்து, அங்கத்தினர் அல்ல என்பதால் வேலிக்கு வெளியே நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"இந்தக் குறுக்கு நெடுக்கு நரம்பு எதனால் செய்வது?"

"ஆட்டுக் குடல்லதான் ஐயா. வேற எதுல செய்வாவ?"

 எல்லோருடைய கண்களும் சபை மண்டபத்துச் சுவரை நோக்கின. மூன்று வருஷத்துக்கு முன் இருந்த கலெக்டர் ஊரைவிட்டுப் போகும்போது வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போன பழைய மட்டை ஒன்று அங்கே பட்டுக் கயிற்றில் தொங்கிற்று. மூன்று வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் சாத்தி, மாலை போட்டு, சுண்டல் நைவேத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பொக்கிஷதார் சுந்தரமய்யர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். அவர் நாற்காலியைவிட்டு எழுந்து, தீட்டுக் கழிய முழுக்குப் போட ஆற்றை நோக்கி நடந்தார்.

ஜம்புவுக்கு மாதக் கடைசி நெருங்குகிற பயம். பணிவாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். "மிருதங்கத்திலும் தோல் இருக்கிறதே. கச்சேரி கேட்கத்தானே செய்கிறோம்?"

"மிருதங்கத்தை நாமா அடிக்கிறோம்?" என்றார் பட்டாபிராமய்யர். "அடிக்கிறவன் அடிக்கிறான். நாம் தலையை ஆட்டுகிறோம். ஆட்டுகிற தலைக்குத் தீட்டு கிடையாது. இந்தத் தேசத்தில் நம்மவர்கள் இத்தனை காலம் க்ஷேமமாக இருப்பதே அதனால்தான்."

இதற்கும் கரகோஷம். நரம்பில்லாத வெறும் மரச்சட்டங்களை மதராஸிலிருந்து தருவிப்பது, சுத்தமான தாவர வஸ்துவால் இங்கேயே பின்னிக்கொள்வது என்று தீர்மானம் ஆயிற்று. எந்தத் தாவரம் என்று எல்லோரும் விழித்தபோது, "பத்தமடைக் கோரை" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது ஜம்புவுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. யோசனை கேட்டால் உடனே சொல்லிவிடுகிற வியாதி அவனுக்கு. நல்ல யோசனையா என்று அப்புறந்தான் பார்ப்பான்.

பதிமூன்று சட்டங்களையும் ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு அவனே பத்தமடைக்குப் போனான். பட்டுப் பாய் நெய்கிறதில் பேர்போன ஜமீலா பீவி ஒரு சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு ஐயரே? ஈ அடிக்கவா?"

"பந்து அடிக்க அம்மா."

"பாய்னா படுக்கிறதுக்குல்லா? இதுல என்னத்த அடிக்க முடியும்?"

"தீர்மானம் ஆகிவிட்டது அம்மா."

"தீர்மானம் ஆயிட்டுன்னா நெய்ஞ்சு தாரேன். எனக்கென்ன" என்றாள் அவள். வேலையில் சொல்ல ஒரு குறை இல்லை. சிவப்புக் கரை, பச்சைக் கரை, நடுவில் தாமரைப் பூ. தலைவர் மட்டையில் அவர் பெயரையே நெய்திருந்தாள். சபையில் வைத்துச் சோதனை பார்த்தார்கள். ஜம்பு ஒரு பந்தை மேலே போட்டு மட்டையை நீட்டினான். பந்து வந்து கோரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே சுகமாகப் படுத்துக்கொண்டது. மேற்கொண்டு எங்கேயும் போகிற உத்தேசம் அதற்கு இல்லை.

"பேஷ்! சாத்விகமான மட்டை" என்று பதிவு செய்துகொண்டார்கள்.

பாக்கியசீலனுடைய மட்டையைப் பற்றின மனு தள்ளுபடி ஆயிற்று. காரணங்கள்: அந்தஸ்துக்கு மேல் இரண்டரை அவுன்ஸ் அகங்காரம், ஆட்டுக் குடல், வேற்றார் சொத்து. தள்ளுபடி உத்தரவையும் ஜம்புதான் எழுதினான். அதிலும் எழுத்து கெடவில்லை.

இருபத்தெட்டாம் தேதி கலெக்டர் துரை குதிரையில் வந்து இறங்கினார். மாவிலைத் தோரணம், ரோஜா மாலை, எலுமிச்சம்பழம். பட்டாபிராமய்யர் முக்கால் மணி நேரம் வரவேற்புப் பத்திரம் வாசித்தார். அதில் பிரிட்டிஷ் ஆட்சி, மழை, துரைசானியின் ஆரோக்கியம் எல்லாம் இருந்தன. துரை கையில் மட்டையைச் சுழற்றிக்கொண்டே நின்றார். கடைசியில் பொறுமை இழந்து, "நல்லது, யார் ஆடப் போகிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

விதிப்படி தலைவர் முதலில் இறங்கினார். ஜரிகைத் தலைப்பாகையோடு பதினைந்து அவுன்ஸை இரண்டு கையாலும் பற்றித் தலைக்கு மேலே உயர்த்தினார். உயர்ந்த மட்டை இறங்கி வரவில்லை. அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றார். இது இந்த ஜில்லாவின் மரியாதை போலிருக்கிறது என்று எண்ணித் துரையும் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் வந்து தலைவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

அடுத்துப் பதினாலரை அவுன்ஸ் உபதலைவர். தலைவரே அடிக்காத பந்தைத் தான் அடிப்பது முறையல்ல என்று சொல்லி அவர் கும்பிட்டு விலகினார். உபதலைவர் அடிக்காததை நான் அடிப்பேனா என்றார் அடுத்தவர். இப்படியே அவுன்ஸ் அவுன்ஸாக இறங்கி, கடைசியில் பத்தரை அவுன்ஸ் ஜம்புவிடம் வந்து நின்றது. பெண் குழந்தை மட்டையோடு அவன் களத்தில் இறங்கினான்.  கண்ணுக்கு முன்னால் பந்தும் தெரியவில்லை, துரையும் தெரியவில்லை. ருக்குவின் முகந்தான் தெரிந்தது.

துரை பந்தை அடித்தார். பந்து தாமரைப் பூவின் மேல் விழுந்து படுத்துக்கொண்டது. துரை வலைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, விசிறியா?"

ஜம்புவுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே இருந்து, "பிடியும் வே!" என்று ஒரு சத்தம். பதிமூன்று அவுன்ஸ் மட்டை வேலியைத் தாண்டி வந்தது. அதைப் பிடித்தால் நாற்பத்தோராவது விதி போயிற்று. ஜம்பு பிடித்துவிட்டான். பிறந்தது முதல் அவன் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான்.

அப்புறம் நடந்ததை அங்கிருந்தவர்கள் நெடுநாள் பேசினார்கள். சபை தோன்றின நாளாக முதல் தடவையாக அந்த வலையைப் பந்து தாண்டியது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அங்கத்தினர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். துரை ஆறு ஆட்டம் ஜெயித்தார். ஜம்பு நாலு ஜெயித்தான். பிந்தின இரண்டு ஆட்டத்தில் அவனுக்குச் சிரஸ்தாரும் ஞாபகம் இல்லை, ராதாபுரமும் ஞாபகம் இல்லை. சிரித்துக்கொண்டே ஆடினான்.

துரை வேர்க்க விறுவிறுக்க வந்து அவன் தோளில் கையைப் போட்டார். "இந்த ஊருக்கு வந்து இன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன். நன்றாக ஆடுகிறாய். என்னால் உனக்கு ஏதாவது ஆக வேண்டுமா? தயங்காமல் சொல்."

இதற்காகத்தானே மூன்று வாரம் விடியுமுன் எழுந்து மைதானத்துக்கு ஓடினான்? ஜம்பு வாயைத் திறந்தான். சுற்றிலும் பன்னிரண்டு தலைப்பாகைகள். பன்னிரண்டு ஜோடிக் கண்கள். மூன்று வருஷமாக எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலை எழுதி எழுதிப் பழகின அவன் நாக்கு, அவனைக் கேளாமலே அந்தப் பதிலைச் சொல்லிற்று.

"அதைக் கமிட்டி தீர்மானிக்கும், ஐயா."

துரை வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு அடக்கமான ஆளை இந்தியாவில் பார்த்ததில்லை என்றார். "சரி, கமிட்டியே பார்த்துக்கொள்ளட்டும்" என்று பட்டாபிராமய்யரிடம் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

கமிட்டி அன்றைக்கே பார்த்துக்கொண்டது. பதிவில்லாத மட்டையால் ஆடப்பட்டபடியால் அன்றைய ஆட்டம் நடக்கவே இல்லை என்பது முதல் தீர்மானம். அந்த ஆட்டத்தினால் துரை அவர்கள் மகிழ்ந்தமைக்காகத் தலைவரைப் பாராட்டுவது இரண்டாவது. சபையின் கிளை ஒன்றை ராதாபுரத்தில் ஸ்தாபிக்க, ஊக்கமும் தேகபலமும் வாய்ந்த ஸ்ரீ ஜம்புநாதனை அங்கே அனுப்பும்படி சிபாரிசு செய்வது மூன்றாவது. மூன்றையும் ஜம்புதான் எழுதினான். 'தேகபலம்' என்பது போதாது, 'தேகபலமும் திடசித்தமும்' என்று போடு என்றார் தலைவர். போட்டான். மறுநாள் ஜாபிதாவில் கையெழுத்தும் விழுந்தது.

வீட்டில் ருக்கு கேட்டாள். "துரை என்ன கேட்டார்?"

"என்ன வேணும்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

மறைக்கத் தோன்றவில்லை. சொல்லிவிட்டான். ருக்கு அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் ஜலம் வழிய வழியச் சிரித்தாள். எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை தொடங்கிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. உலகத்தில் தன்னைப்போல் ஒரு முட்டாள் இன்னும் பிறக்கவில்லை என்று அவன் நிச்சயமாக உணர்ந்தான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் அம்மா வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் காலையில் வாசலில் ராதாபுரத்து வண்டி வந்து நின்றது. ருக்கு புளியஞ்சாதத்தை வாழைச் சருகில் கட்டி எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"உன்னை இப்படி விட்டுட்டுப் போறேனே" என்றான் ஜம்பு. 

"நேக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா இருக்கா, டாக்டரம்மா இருக்கா. உங்களை நெனச்சாத்தான் நேக்கு பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"தெரியாத ஊரு. பாவம், யாராவது உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, 'ஐயா, பசிக்குதா, ரெண்டு வாய் சாப்பிடுதீயளா'ன்னு கேப்பா. கமிட்டியைக் கேட்டுண்டு வந்து சொல்றேன்னுட்டுப் பட்டினி கெடப்பேளே!"